தோசைக்கல்லும் வெள்ளைக் காரும்

பக்கத்துக் காலி மனையை முதலாளி வாடகைக்குப் பிடித்து, 'கார் நிறுத்த இலவசம்' என்று பலகை மாட்டிய அன்று, அந்தச் சாப்பாட்டுக் கடையின் தோசைக்கல்லுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே மாவுக் கரண்டி சின்னதாகிவிட்டது.

வாசல் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிள் கல்லிடம் கேட்டது: "ஏக்கா, எங்க ஆளு ரெண்டு தோசையில எழுந்திருவாரு. இப்ப மூணு தின்னும் பசிங்கிறாரே?"

"மனை வாடகை இருக்குல்ல தம்பி."

"நான் சுவத்துல சாஞ்சு நிக்கிறவன். எனக்கு எதுக்கு மனை?"

மனையில் நின்ற வெள்ளைக் கார் சிரித்தது. "இலவசம்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?" அதன் ஆள் காலையில் ஒரு காபி குடித்துவிட்டு எதிரே ஜவுளிக்கடைக்குப் போனால், திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

கல் வாய் திறக்கவில்லை. பெரிய இடத்து விருந்தாளியாயிற்றே.

சைக்கிள் வருவது நின்றது. பிறகு மற்ற சைக்கிள்களும் நின்றன. ஒற்றைக் காபியை நம்பி யார் கடை நடத்துவார்கள்? ஆடி மாதம் கல்லைச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டார்கள். அன்றைக்கு அந்தச் சைக்கிளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று அது நினைத்துக்கொண்டு கிடந்தது.

கார் எட்டிப் பார்த்தது.

"அடுப்பையும் எடுத்துட்டாங்களாக்கா? நல்லதாப் போச்சு. இன்னொரு வண்டிக்கும் நிழல்ல இடமாச்சு."