அழுதால்தான் காது திறக்கும்

அவள் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர் பாட்டிலை உதட்டில் வைத்துப் பார்த்தான். கொட்டாவி விட்டுக் காட்டினான். யானை மாதிரி, கழுதை மாதிரி, அவளுடைய நர்சரி மிஸ் மாதிரி. மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

சரியான கல்லுளிமங்கி.

நான்கு வயது. அப்பனும் மகளும் பருத்தித் துணி உடுத்தி, தலையில் பொட்டு எண்ணெய் இல்லாமல், அந்த இரும்பு அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கனத்த கதவு. ஒரே ஒரு வட்டச் சன்னல். உள்ளே காற்றின் அழுத்தம் ஏறினால்தான் ஆக்சிஜன் மாஸ்க்கைப் போடுவார்கள். அந்த ஆக்சிஜன் உடம்பில் ஏறினால்தான் காலில் ஒட்டுப்போட்ட தோல் பிழைக்கும்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. தோல்தான் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. குதிகால் வரை போய்விட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார்.

அழுத்தம் கொஞ்சம் ஏறியதுமே அவள் காதைப் பொத்திக்கொண்டாள். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ காதடைப்பு விட்டுவிடும். இவளோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றும் இப்படித்தான். பாதியிலேயே வெளியே கூட்டிவந்துவிட்டார்கள்.

ஸ்பீக்கரில் ஜெசிந்தா சிஸ்டர் பேசினார். அழுத்தத்தை ஏற்றாமல் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"பாப்பாவ அழ வுடுங்க. அழுதாத்தானுங்க காது தெறக்கும்."

அவன் கிள்ளினான். பெற்ற மகளைத் தொடையில் கிள்ளினான்.

அவள் கண் நிறைந்தது. உதடு நடுங்கியது. அதைக் கடித்துக்கொண்டாள்.

"அழுவ மாட்டேன்ப்பா. அம்மா வரோணுமில்ல."

அவன் சொன்னதுதான். லாரி மோதிய மறுநாள், மயக்கம் தெளிந்து அவள் அம்மாவைக் கேட்டபோது, நா கூசாமல் சொன்னான். பாப்பா அழாமல் இருந்தால் அம்மா சீக்கிரம் வந்துவிடுவாள் என்று. சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்த தலை அவனுக்கு இன்னும் காய்ந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து, கட்டுப் பிரிக்கும்போதுகூட அவள் அழுததில்லை.

வார்டே மெச்சியது. அவனும் பெருமையாகக் கேட்டுக்கொண்டு நின்றான், பாவி.

இப்போது அந்தப் பொய்யை மாற்றிப் பார்த்தான். அழுதாலும் அம்மா வருவாள் என்றான். அவள் நம்பவில்லை. வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கால் போர்வைக்குள் இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். காதைப் பொத்தியிருந்த கையை மெல்ல விலக்கினான். ஸ்பீக்கருக்குக் கேட்காதபடி, அவளுக்கு மட்டும், உள்ளதைச் சொன்னான்.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு வாய் திறந்தது.

இத்தனை நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், அடித்தாள், மறுபடியும் அவன்மீதே விழுந்து அழுதாள். அவன் வாங்கிக்கொண்டான்.

வட்டச் சன்னலுக்கு வெளியே ஜெசிந்தா சிஸ்டர் சிரித்தபடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். உள்ளே அழுத்தம் ஏறத் தொடங்கியது.

"காது தெறந்துருச்சுங்க. என்ன சொன்னீங்களோ, நாளைக்கும் அதையே சொல்லிருங்க."