ஆளுக்கொரு பாட்டில்

“கையை மோந்து பாத்தேன். கம் பசை வாடை அடிக்குது. உன் மகன் போதையில விழுந்து கெட்டுட்டான்” என்றார் தர்மராஜ், அடுப்படிக்கு வந்து ரகசியக் குரலில்.

மனைவி பஞ்சாலை தோசையைத் திருப்பிப் போட்டாள். “தூங்குற பிள்ளை கையையா மோந்து பாத்தீங்க?”

“பின்ன? முழிச்சிருந்தா காட்டுவானா? கட்டிலுக்கு அடியில பாத்தியா நீ? தின்னர், மெழுகுவத்தி, கம் டின். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. அக்கவுண்ட்ஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?”

பஞ்சாலை அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள்.

தர்மராஜுக்கு ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் வேலை. இருபது வருடமாக ரோட்டில் எவனையும் நம்பாததால்தான் உயிரோடு இருக்கிறோம் என்று நினைப்பவர். அந்தப் புத்தி இப்போது வீட்டுக்குள்ளும் வண்டியைத் திருப்பிவிட்டது. மகன் புனிதன் ஐந்தாம் படிவம். கணக்கியல் பாடத்தை எடு என்று அவர் சொன்னபோது, சரிப்பா என்று தலையாட்டியவன். எஸ்.பி.எம். பரிட்சையை முடித்து, இந்தக் குடும்பத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்காரப்போகும் முதல் ஆள்.

“நேராவே கேட்டுருங்களேன்.”

“கேட்டா உசாராயிருவான் லா. இதைப் பாரு, அவன் பைக்குள்ள இருந்துச்சு.”

துண்டுக் காகிதம். மகனின் கையெழுத்தில் மலாய். அவர் எழுத்துக் கூட்டித் தமிழில் சொன்னார். “‘ஊஜியான் செனி. புதன் காலையில எட்டு மணி. ஆளுக்கொரு பாட்டில் கட்டாயம்.’ ஊஜியான்னா டெஸ்ட். செனின்னா தெரியும்ல? வருசா வருசம் கிளினிக்ல லோரிக்காரங்ககிட்ட கேப்பானுங்களே, ஆயர் செனி. ஒண்ணுக்கு! பள்ளிக்கூடத்துல போதை டெஸ்ட் வைக்கிறானுங்க.”

“பாட்டில வீட்டுலேர்ந்தா கொண்டாரச் சொல்வாங்க?”

“பள்ளிக்கூடத்துல ஏது காசு?”

பஞ்சாலை அடுப்பை அணைத்தாள். “மாட்டுனா என்னங்க ஆகும்?”

“தூக்கிருவாங்க. பரிட்சையே எழுத முடியாது.”

சொல்லும்போதே அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

புதன் காலை. மகன் குளிக்கப் போன நேரத்தில் பையைத் துழாவினார். கறுப்புப் பாட்டில் ஒன்று இருந்தது. திறந்தால், உள்ளே வெறும் பச்சைத் தண்ணீர்!

“இதக் குடுத்து ஏமாத்தப் பாக்குறான், மடையன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பாட்டிலை எடுத்து ஒளித்து வைத்தார். அவன் பஸ் ஏறியதும் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழிவறைக்குள் போனார். சிகரெட்டைக்கூடத் தொடாத மனிதர். எந்தச் சோதனைக்கும் தாங்கும் சரக்கு.

பாட்டிலோடு போனவருக்குப் பள்ளிக்கூடத்துக் காவலாளி மூலை அறையைக் கை காட்டினார். சன்னல் வழியாக எட்டிப் பார்த்த தர்மராஜுக்குத் திக்கென்றது. மேசைக்கு மேசை பாட்டில். அடக் கடவுளே, இத்தனை பிள்ளைகளுமா?

வாசலுக்கு வந்தார் ஆசிரியை பெட்ரிசியா.

“டீச்சர், புனிதன் விட்டுட்டு வந்துட்டான். அவனோடதுதான். சத்தியமா அவனோடதுதான்.”

“நல்லவேளை அங்கிள்! இன்னிக்குக் குழாயில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல” என்றவர், உள்ளே போய்ப் புனிதனின் மேசையில் பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

குழாய்த் தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தர்மராஜுக்கு விளங்கவில்லை. “ரிசல்ட் எப்ப டீச்சர் வரும்?”

“மொதல்ல வரைஞ்சு முடிக்கட்டும் அங்கிள்.”

“எதை?”

“படத்தைத்தான். செனின்னா ஓவியந்தானே?”

“அப்ப... ஆயர் செனி?”

“ஐயோ, அது கிளினிக்ல கேக்குறது!” ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். “ரெண்டு வருசமா அக்கவுண்ட்ஸ விட்டுட்டு ஓவியப் பாடம்தான் எடுக்கிறான். பாத்தேக் துணியில சாயப் படம் போட மெழுகு, தின்னர், கம்முன்னு வீட்டையே நாறடிச்சிருப்பானே, ஒங்களுக்குத் தெரியாதா?”

தர்மராஜ் பதறிப்போய் உள்ளே பார்த்தார். புனிதன் தூரிகையைப் பாட்டிலுக்குள் நன்றாக முக்கி எடுத்து, முனை கூராக வரட்டும் என்று, வழக்கம்போல் உதடுகளுக்கு நடுவே கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.