பாப்பாவின் தோலுக்குள்

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில், மயக்கத்தில் கிடக்கும் சுண்டெலியின் தோலுக்குள் நடப்பதை ரேஷ்மா நுண்ணோக்கியின் திரையில் பார்க்கிறாள். புற்றுநோயாக மாறத் தொடங்கிய ஒற்றைச் செல் சிவப்பாக மினுங்குகிறது. அதைக் கொல்லவேண்டிய காவல் செல்கள் பச்சைப் பச்சையாய் ஓடிவருகின்றன. வந்தவை கொல்லவில்லை, சுற்றி உட்கார்ந்து, தடவிக்கொடுத்து, ஊட்டி வளர்க்கின்றன. வெளியே கிள்ளான் ரயில் போகும் அதிர்வில் எலியின் மீசை நடுங்குகிறது. “போதும் லா, தோல் டிஷ்யூ வெட்டி எடுக்கணும். முடிச்சிடு,” என்கிறான் கூட வேலை செய்யும் கால்வின். “பாப்பா இன்னும் தூங்குது.” “எலிக்குப் பேர் வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?” தினமும் தீனி ஊட்டிய ரேஷ்மாவின் விரல்கள் அந்தச் சின்னக் கழுத்தைப் பற்றுகின்றன. சொடக்கென்று ஒரு சத்தம் கேட்கிறது. பாப்பா செத்தது தெரியாமல், திரையில் பச்சைகள் சிவப்புக்கு இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கின்றன.