இடப் பக்கக் குமிழ்

"மாமாவுக்கு வயசாயிடுச்சு அக்கா. வேற ஒண்ணும் இல்ல" என்றான் தம்பி, அவர் பக்கத்தில் நிற்கும்போதே.

"நாற்பத்திரண்டெல்லாம் ஒரு வயசா, மாப்ள?"

"ஆளுக்கு இல்ல, காதுக்கு. இல்லன்னா, இசை பண்ற மென்பொருள்ல எதுக்கு இவ்வளவு படம் வேணும்கறீங்க?"

அக்கா நடத்திவந்த அந்தச் சிறிய ஒலிக்கூடத்தில் வேலை செய்தவர்கள் மூவரே. தம்பி கணினியிலேயே மின்னணு இசையை உருவாக்குவான். அக்காவின் கணவர் அதைத் தொகுத்து அனுப்புவார். கணக்கும் கண்டிப்பும் அக்காவுடையவை.

ஒரு நடனக் குழு நாற்பது நிமிட இசை கேட்டிருந்தது. அதற்காக இரண்டு மென்பொருள்களை ஒரு மாதம் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இன்று ஐந்து மணியோடு அந்தக் கெடு முடிகிறது. இரண்டில் ஒன்றை வாங்கியாக வேண்டும். இப்போது மணி நாலரை.

தம்பி கேட்டது புதியது, வேகமானது. திரையில் வெறும் கட்டங்கள் மட்டுமே இருக்கும். மாமா கேட்டது பழையது. அதன் திரையில் பாதியை இரண்டு பட்டைகள் அடைத்துக்கொண்டிருக்கும். இடப் பக்க ஒலிக்கு ஒன்று, வலப் பக்க ஒலிக்கு ஒன்று என, ஒலிக்கேற்ப அவை ஏறி இறங்கும்.

"உங்களோடது திறக்கறதுக்குள்ள, மனசுல வந்த ட்யூனே மறந்துடும் மாமா."

"மெதுவாத் திறந்தா என்ன? அதுல சத்தம் கண்ணுக்குத் தெரியுது."

"சத்தம் காதுக்குத் தெரிஞ்சாப் போதும்!"

அக்கா சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை.

"போன மாசம் பண்ணின விளம்பரத்த, இடது பக்கம் மட்டும் அலறுதுன்னு திருப்பி அனுப்பிச்சாங்களே, அது யாரால?" தம்பி விடுவதாக இல்லை. "இடது ஸ்பீக்கருக்கு ஒரு ஒயரை ஒழுங்காச் செருகத் தெரியல. அதை நம்பி நான் சத்தத்த ஏத்தி வச்சு, பேரு கெட்டுச்சு. இவர் எனக்கு மென்பொருள் எடுத்துக் குடுக்கறாராம்!"

"என் தப்புதான். அன்னிக்கே ஒத்துக்கிட்டேனே."

"இந்த வேலையும் திரும்பி வந்துச்சுன்னா, அப்புறம் நம்மள யாரும் கூப்பிட மாட்டாங்க. கதவச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்றாள் அக்கா.

"அதத்தான் நானும் சொல்றேன். பழசுதான் வேணும்னா, நான் இதுல இல்ல. வேற இடத்துல கூப்பிடறாங்க."



"சரி. நீ உன்னோடதுல பண்ணின ஒரு நிமிஷத்தப் போடு" என்ற அக்கா, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தாள். "கண்ண மூடிக் கேக்கறேன். கேட்டதும் முடிவு சொல்றேன். அதுக்கப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

தம்பி பொத்தானை அழுத்தினான். முரசொலி போன்ற தாளம் எழுந்தது.

அப்போதுதான் அதைக் கண்டான். சுவரோரமாக ஓசைப்படாமல் நகர்ந்த மாமா, இடப் பக்க ஸ்பீக்கரின் பின்புறம் கையை விட்டு, ஒலிக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அக்கா! சத்தத்தக் குறைக்கறாரு! இடது பக்கம் ஒண்ணுமே கேக்கல!"

அக்கா கண்களைத் திறந்தாள்.

"எனக்கு ரெண்டு பக்கமும் சமமாத்தானே கேட்டுச்சு? அது கிடக்கட்டும். ஏங்க, குமிழத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"எதுக்கு?"

மாமா தரையைப் பார்த்தார்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? கூடப் பொறந்தவன் மாதிரின்னு வாயால சொன்னாப் போதுமா? தம்பி கேட்டதையே வாங்கறேன்" என்று எழுந்து அடுத்த அறைக்குப் போனாள்.

"இப்ப சந்தோஷமா மாமா?"

"உன் வேலைதான் ஜெயிச்சிடுச்சே. அதே நிமிஷத்த என்னோடதுல ஒரே ஒரு தடவ ஓட விடு. ஹெட்ஃபோன்ல கேளு. அவ அங்க பணம் கட்டற விவரமெல்லாம் அடிச்சு முடிக்கறதுக்குள்ள."

அவர் வாயை அடைப்பதற்காகவே தம்பி அதைச் செய்தான். பழைய மென்பொருள் முனகிக்கொண்டு திறந்தது. ஹெட்ஃபோனில் இசை இரண்டு காதுகளிலும் சமமாகவே ஒலித்தது.

"பாத்தீங்களா..." என்று தொடங்கியவன் திரையைப் பார்த்தான்.

இடப் பக்கப் பட்டை உச்சிக்கு ஏறிச் சிவந்திருந்தது. வலப் பக்கப் பட்டை பாதியைக்கூடத் தொடவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றி, வலது இடதாக மாற்றி மாட்டினான். தாளம் முழுவதும் வலக் காதில் இடித்தது. இடக் காதில் எதுவுமே இல்லை. சளி பிடித்ததால் அடைத்திருக்கிறது, தானாகச் சரியாகிவிடும் என்று ஆறு மாதமாக அவன் தனக்குத் தானே சொல்லிவந்த காது அது.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தான்.

"மாமா... அப்ப, போன மாசம் அந்த ஒயர்..."

"ஒழுங்காத்தான் செருகியிருந்தேன்."

அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. "தம்பி, கடைசியாக் கேக்கறேன். உன்னோடதயே வாங்கிடவா?"

"வேணாம் அக்கா. மாமா சொன்னதையே வாங்கு."

"அதுக்குள்ள என்னடா மந்திரம் போட்டாரு?"

மாமா நாற்காலியை இழுத்து, அவனுடைய வலப் பக்கத்தில் போட்டு அமர்ந்தார். பின், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நாளைக்குக் காலைல காது டாக்டர்கிட்ட போறோம், மாப்ள. அக்காகிட்ட நீயாச் சொல்ற வரைக்கும், பழி அந்த ஒயர் மேலயும் இந்தக் குமிழ் மேலயுமே இருக்கட்டும்."