அடைப்பு நாளில் ஒரு மூட்டை

"திருடியைப் பிடிச்சிட்டேன், தலைவரே."

சொன்ன காவல்காரரின் குரலில் அவ்வளவாக உற்சாகம் இல்லை.

வனக்குழு அலுவலகத்தில் கூட்டம் பாதியில் இருந்தது. காடு ஊருக்கே சொந்தம். இந்த வருஷம் எந்தெந்த மரத்தை வெட்டலாம் என்று பட்டியல் போட உட்கார்ந்திருந்தார்கள்.

அடியில் போதுமான கன்று முளைத்திருந்தால்தான் மேலே இருக்கிற மரத்தில் ரம்பம் படலாம். அது தலைவர் போட்ட சட்டம். எண்ணெய்க்கு ஆகிற விதையைப் பொறுக்கப் போகிறவர்கள், ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே கூடைதான் எடுக்கலாம். மிச்சம் தரையிலேயே கிடந்து முளைக்க வேண்டும். அதுவும் அவர் போட்டதுதான். வாரத்தில் ஒரு நாள் அடைப்பு. அன்றைக்கு விதையோடு யாரும் காட்டுக்குள் நடமாடக் கூடாது. அதையும் அவரைத் தவிர வேறு யார் போடுவார்?

தலைவர் மேஜையைத் தட்டினார்.

"யாரா இருந்தாலும் உள்ள கூட்டிட்டு வா. பெத்த தாயா இருந்தாலும் விடமாட்டேன்."

"தாய் இல்லீங்க."

"பின்ன?"

"தாரம்."

மூலையில் உட்கார்ந்திருந்த ரம்பக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றி, "மரத்தூள் தொண்டைக்குள்ள போயிடுச்சு" என்றார்.

தலைவரின் மனைவி உள்ளே வந்தாள். இடுப்பில் இருந்த மூட்டையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

செயலாளர் அம்மா மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். வாய் வரைக்கும் விதை.

தலைவரின் முகம் ஒரு நிமிஷம் சுருங்கிப் போயிற்று. சுற்றிப் பார்த்தார். எல்லாருடைய கண்ணும் அவர் மேல்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார்.

"எழுதுங்கம்மா. என் பொண்டாட்டிங்கிறதுக்காகச் சட்டம் வளையாது. இந்தப் பருவம் முடியற வரைக்கும் இவ காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"கொஞ்சம் யோசிச்சு..." என்று இழுத்தார் செயலாளர் அம்மா.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எனக்கு வீடும் காடும் ஒண்ணுதான்!"

யாரோ கை தட்டினார்கள். தலைவர் அடக்கமாகக் கூரையைப் பார்த்தார்.

அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் செயலாளர் அம்மாவுக்கு உறுத்தியது. பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"எந்தப் பக்கம் பொறுக்கினீங்க?"

"இன்னிக்கு நான் பொறுக்கலைங்க."

"மூட்டை நிறைய இருக்கே!"

காவல்காரர் தலையைச் சொறிந்தார். "அதுதாங்க எனக்கும் புரியலை. அக்கா வெளிய வரும்போது பிடிக்கலை. உள்ள போகும்போதுதான் பிடிச்சேன்."

எல்லாரும் மூட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"விதையைத் தூக்கிக்கிட்டு உள்ள போனாங்களா?" என்றார் ரம்பக்காரர். "இது என்ன புதுத் திருட்டா இருக்கு?"

"திருப்பிப் போடத்தான்" என்றாள் அவள். "ஓடைப்பக்கம் மூணு வருஷமா போட்டுட்டு வர்றேன். அடைப்பு நாள்னா அங்க யாரும் வரமாட்டாங்க."

செயலாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஓடைப்பக்கமா? அங்க கன்னு நெருக்கமா இருக்குன்னுதானே இந்த வருஷம் பன்னிரண்டு மரம் வெட்ட அனுமதி கிடைச்சுது! எல்லாம் தலைவர் நிர்வாகம்னு தீர்மானம்கூட எழுதினோமே!"

தலைவர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? என் வீட்டுல இருக்கிறவங்களும் காட்டுக்காகத்தான் பாடுபடறாங்க. நான் வெளிய சொல்லிக்கிறது இல்லை." மனைவி பக்கம் திரும்பினார். "அது சரி, இவ்வளவு விதை உனக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?"

அவள் சற்றுத் தயங்கினாள்.

"ஒருத்தர் தினமும் கூடைக்கு மேல அள்ளிட்டு வர்றாருங்க. அவர் அசந்த நேரமா பார்த்து, அதிகப்படியா இருக்கிறதை நான் எடுத்துடுவேன். எடுத்ததே தெரியாத மாதிரி மூட்டை வாயைக் கட்டி வெச்சிடுவேன்."

"யாருடி அந்தக் களவாணி? பேரைச் சொல்லு! இப்பவே அவனைக் குழுவை விட்டே தூக்கறேன்!"

"பேர் வேண்டாங்க. நல்ல மனுஷன். கைதான் கொஞ்சம் நீளம். நாலு பேர் முன்னாடி அவர் தலை குனிஞ்சு நின்னா என்னால பார்க்க முடியாது." செயலாளர் அம்மா பக்கம் திரும்பினாள். "தண்டனையை என் பேர்லயே எழுதிடுங்கம்மா."

காவல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்ன அக்கா சொல்றீங்க? என்னைத் தாண்டி ஒருத்தன் தினமும் அள்ளிட்டுப் போறானா?"

"உன்னைத் தாண்டித்தான், தம்பி. நீ சல்யூட் வேற வைக்கிறே."

காவல்காரரின் வாய் திறந்தது. மூடவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பினார். செயலாளர் அம்மாவும் திருப்பினார். ரம்பக்காரர் இந்தத் தடவை இருமக்கூட இல்லை.

தலைவர் இது எதையும் கவனிக்கவில்லை. விரலை மடக்கி மடக்கி என்னவோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மடக்கிய விரல் பாதியில் நின்றது.

"அடிப்பாவி! அப்போ நம்ம கட்டிலுக்கு அடியில குறைஞ்சதெல்லாம் எலி இல்லையா?"