வெறும் புல்வெளி

அயர்லாந்தில், டப்ளினிலிருந்து கார்க் நகருக்குப் போகும் பெருஞ்சாலை, தன்மேல் ஓடும் கார்களுக்குள் தன் வரலாற்றைத் தானே பேசும். அது சொல்லாத எதுவும் அங்கே இருந்ததாக அரசாங்கம் ஒப்புக்கொள்வதில்லை. குதிரை வண்டிக் காலம் முதல் இன்றுவரையான அந்த வரலாற்றை எழுதிக் கொடுத்தவன் பரிதி. ஊருக்குப் போன் பேசும்போது அதைச் சொல்லாமல் வைக்கமாட்டான்.

இன்று அவன் காரில் மங்கையர்க்கரசி அக்கா இருந்தாள். சாலையை அகலப்படுத்தியபோது அவளுடைய இட்லிக் கடை போனது. அடுத்த வருடம் கணவர் மருதப்பனும் போனார். கடை இருந்த இடத்தில் அவர் பெயருக்கு ஒரு கல் நட அனுமதி கேட்ட மனு மூன்று முறை திரும்பிவிட்டது. சாலை அப்படி என்னதான் சொல்கிறது என்று கேட்கக் கிளம்பி வந்திருந்தாள்.

அந்த வளைவு வந்தது.

"இங்கே வெறும் புல்வெளி இருந்தது" என்றது சாலை.

"புல்லா? அப்ப ஆறு வருஷம் உனக்கு இட்லி போட்டது மாடா தம்பி?" அக்கா சிரித்தாள். "எழுதுன மகராசன் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டான்."

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், முந்நூறு வளைவுகளுக்கு ஒரே வரியை ஒட்டியது பரிதிக்கு நினைவு வந்தது. ஒருமுறை பதிந்ததை இனி யாரும் திருத்த முடியாது.

"நான்தான்க்கா எழுதுனேன்."

அக்கா கண்ணாடியை இறக்கி, பின்னால் போகும் வளைவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி விடு. ரோட்டுக்குத் தெரியாட்டி என்ன, அவரு அங்க நின்னு மாவு ஊத்துனது உனக்குத் தெரியுமே."

அடுத்த வளைவில், இடிந்த கோட்டை ஒன்றைப் பற்றிச் சாலை நீட்டி முழக்கத் தொடங்கியது. அதை எழுத அவன் நான்கு நாள் எடுத்திருந்தான்.