வெறுமையாய் ஒரு வலது கை

நாளைக்கு நிக்காஹ். ஒதியம்பட்டு வீட்டுக் கூடத்தில் மாலை வெயில் பாயெல்லாம் பரவிக் கிடக்க, ஹப்சாவின் இடது கையில் மருதாணி ஈரமாய்ப் பளபளக்கிறது. வலது கை மட்டும் பாவம், வெறுமையாய் லேப்டாப்பின் மேல் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பில்டு, அதாவது மென்பொருளைத் தொகுக்கும் வேலை, முடிந்ததும் அடுத்த நிரல் கோப்புகளை உருவாக்கும் கட்டளையை அவள்தான் தட்டியாக வேண்டும். தட்டாவிட்டால் ஆபீஸில் அத்தனை பேருக்கும் வேலை நின்றுவிடும். பில்டு முடிந்த கையோடு அந்தக் கட்டளை தானாகவே ஓடட்டும் என்று மதியமெல்லாம் உட்கார்ந்து ஒரு குட்டி நிரல் எழுதியிருக்கிறாள். "கைய குடுடி, மாப்பிள்ள ஒத்தக் கைக்காரின்னு நெனச்சிக்கப் போறாரு," என்கிறாள் மருதாணிக் கோனோடு காத்திருக்கும் பக்கத்து வீட்டு வெண்ணிலா. "இருடி, ஒரே ஒரு வாட்டி," என்று பில்டைத் தொடங்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைத் தூக்கிக்கொள்கிறாள் ஹப்சா. திரையில் எழுத்துகள் ஓடுகின்றன. பில்டு முடிகிறது. எல்லாம் அப்படியே நிற்கிறது. அடுப்படியில் வட்டிலப்பம் வேகும் வாசனைகூட அவளுக்கு எட்டவில்லை. பிறகு பாருங்கள், யாரும் தொடாமலே புதுக் கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. "இன்னாடி இது, நீ ஒண்ணுமே பண்ணலியே?" "அதுக்குத்தாண்டி இம்மாம் பாடு!" சிரித்துக்கொண்டே வலது கையை வெண்ணிலாவின் மடியில் போடுகிறாள் ஹப்சா. "முழங்கை வரிக்கும் போடு. கொஞ்சங்கூட எடம் வுடாத."